முள்ளங்கிக்கு விதையும் உரமும்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



முள்ளங்கி பயிரிடுவது சுலபமான காரியம் என்பது குடியானவர்களுடைய பொதுவான அபிப்பிராயம். விதைத்த நாலைந்து நாளில் முளை தெரிகிறது. ஒன்றரை மாதத்தில் கிழங்கு வண்டி ஏறுகிறது. ஒரு பெரிய பயிர் அறுவடையாகி மறு பயிர் ஏறுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில், கிணற்றடிக் கொல்லையில் அரை ஏக்கர் போட்டாலும் கைச்செலவுக்குப் பணமாகிறது. இந்த அபிப்பிராயத்தில் உண்மை உண்டு. ஆனால் ஆயுள் சுருங்கிய பயிருக்கு ஒரு தோஷமும் உண்டு. அதில் நேர்ந்த தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. நெற்பயிரில் அடியுரம் தவறினால் தூர் கட்டும் சமயத்தில் ஓரளவு சரிக்கட்டலாம். முள்ளங்கியிலோ தவறு கண்ணுக்குத் தெரியும் நாளில் பயிரின் ஆயுளில் பாதிக்கு மேல் கழிந்துவிடுகிறது.

தோட்டக்காரர்கள் அடிக்கடி சொல்லும் முறையீடு ஒன்று உண்டு. இலை முழங்கால் உயரம் வளர்ந்து கரும்பச்சையாக நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. இதைக் கண்டவுடன் பலரும் செய்வது, உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் ஒரு மூட்டை யூரியாவை வீசுவது. இலை இன்னும் கறுத்து உயருகிறது. கிழங்கு அப்படியே இருக்கிறது. சங்கத்தில் வாங்கிய கடன் மாத்திரம் ஒரு மூட்டையின் அளவு பெருகிவிடுகிறது. இத்தகைய நஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பருவத்துக்கு ஒவ்வாத விதை, அல்லது அந்த விதைக்கு ஒவ்வாத உர அளவு. இரண்டும் சேர்ந்து வந்த தோட்டங்களும் இல்லாமல் இல்லை.

இவ்விரண்டையும் தனித்தனியே விசாரிப்பது வழக்கம். விதைக்கடையில் ரகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சங்கக் கிடங்கில் உரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு ரகம் எத்தனை நாளில் முற்றும், எவ்வளவு பருக்கும் என்பதைப் பொறுத்தே அது எவ்வளவு உரத்தை உபயோகித்துக்கொள்ளும் என்பது ஏற்படுகிறது. ஆகையால் விதையைத் தீர்மானித்த பிறகே உரத்தைக் கணக்கிட வேண்டும். உரத்தை முதலில் வாங்கி வைத்துவிட்டு, கிடைத்த விதையைப் போடுவது தலைகீழான முறை.

முள்ளங்கி கடுகின் இனத்தைச் சேர்ந்தது. கிழங்கு என்று சொல்வது உண்மையில் செடியின் சேமிப்பு அறை. இலைகள் சூரிய வெளிச்சத்தைக்கொண்டு சர்க்கரையைச் செய்கின்றன. அதில் புது இலைகள் கட்டுவதற்குச் செலவானது போக மிஞ்சியதே வேருக்கு இறங்கி அதைப் பருக்கச் செய்கிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அளவாக இருக்கும்போது இலை நன்றாகப் பெருகி, அந்த இலையின் உழைப்பினால் கிழங்கும் பெருகுகிறது. தழைச்சத்து அளவை மீறினால் செடி மேன்மேலும் புது இலையையே கட்டிக்கொண்டிருக்கும். வேருக்கு இறங்க வேண்டிய சர்க்கரை மேலேயே செலவாகிவிடும். நாலைந்து மாதம் நிற்கும் பயிராக இருந்தால் பின்னாலாவது கிழங்கு பருக்கும் என்று காத்திருக்கலாம். நாற்பத்தைந்து நாள் ரகத்தில் அதற்கு நாள் ஏது?

ஆகவே ரகங்களின் குணத்தை முதலில் பார்ப்பது அவசியம். உலகத்தில் பயிராகும் முள்ளங்கிகளை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது வழக்கம். ஐரோப்பிய வகைகள் சிறியவை, இருபத்தைந்து முப்பது நாளில் தயாராகிவிடும், காரம் குறைவு, குளிர் தேசத்துக்கு ஏற்றவை. சிவந்த உருண்டையான ஸ்கார்லெட் குளோப், வெள்ளையாய் மெலிந்து நீண்ட ஒயிட் ஐசிக்கிள் ஆகியவை இப்பிரிவைச் சேர்ந்தவை. ஆசிய வகைகள் பெரியவை. நாற்பது நாள் முதல் அறுபது நாள் வரை பிடிக்கும். வெயிலை அதிகமாகத் தாங்கும். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் பயிராவது பெரும்பாலும் ஆசிய வகையே. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பிரதேசங்களில் இரண்டும் வரும்.

ஆசிய வகைக்குள்ளும் பேதங்கள் பல. ஜப்பானிலிருந்து தருவிக்கப்பட்ட ஜப்பானிய வெள்ளை என்னும் ரகம் ஓர் அடி நீளம் வரை வளர்ந்து, நுனி மழுங்கி, ஏறக்குறைய அறுபது நாளில் தயாராகிறது. அது குளிர்ந்த மாதங்களை விரும்புகிறது. பூசா சேத்கி நாற்பது முதல் நாற்பத்தைந்து நாளில் முற்றுவது. வெயில் காலத்தையும் தாங்கும் என்பதே அதன் விசேஷம். பூசா ஹிமானி நேர் எதிரானது. நன்றாகக் குளிர்ந்த பருவத்துக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா நிஷாந்த் ஐம்பது முதல் ஐம்பத்தைந்து நாளில் வருவது. உள்ளே பஞ்சு பாய்வதும், வேர் கவைப்பதும், அகாலத்தில் பூப்பதும் அதில் குறைவு. கோயம்புத்தூரில் உண்டாக்கப்பட்ட கோ 1 ரகம் நாற்பத்தைந்து நாள் பயிர்.

ரகங்களின் முன்னால் ஒட்டியிருக்கும் இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். அகில இந்திய விவசாய ஆராய்ச்சிசாலை அங்கேதான் இருந்தது. 1934-ம் வருஷத்துப் பூகம்பத்தில் கட்டடங்கள் சிதைந்தமையால் 1936-ல் அது டெல்லிக்கு மாற்றப்பட்டது. ஊரை விட்டு வந்தபோதிலும் பெயரை விடவில்லை. டெல்லியில் உண்டாகும் ரகங்களுக்கும் இன்றுவரை பூசா என்றே பெயர் இடுகிறார்கள். அர்க்கா என்பது பெங்களூர்ப் பக்கத்து அர்க்காவதி ஆற்றைக் குறிக்கும். கோ என்பது கோயம்புத்தூர். விதைப் பையின் மேல் பூசா என்ற சொல்லைக் கண்டால், வட இந்தியப் பருவத்தை மனத்தில் வைத்துத் தெரிந்தெடுத்த ரகம் என்று அறிந்துகொள்ள வேண்டும். பையின் பின்புறம் குளிர்காலம் என்று அச்சிட்டிருப்பது டெல்லியின் குளிர்காலம், மதுரையின் மார்கழியல்ல.

பருவம் தப்பிய ரகம் என்ன செய்யும்? குளிரை விரும்பும் ரகத்தைச் சித்திரை வெயிலில் விதைத்தால், கிழங்கு பருக்கும் முன்பே காரமேறி, நார் பட்டு, பஞ்சாகிவிடும். முள்ளங்கியின் ருசிக்கும் மென்மைக்கும் ஏற்ற உஷ்ணம் 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேடு. சமவெளியில் அது கிடைக்காது. ஆனால் புரட்டாசிக்குப் பிறகு விதைத்த பயிருக்கும் வைகாசியில் விதைத்த பயிருக்கும் உள்ள வித்தியாசத்தை வாயில் போட்டுப் பார்த்தவர் அறிவர். இதற்கு மாறாக, இளம் பருவத்தில் கடுங்குளிர் பட்டால் செடி கிழங்கை மறந்து பூத்தண்டு விட்டுவிடும். மலைத் தோட்டங்களில் இந்தத் தொந்தரவு உண்டு. இவை இரண்டையும் எந்த உரத்தாலும் மாற்ற முடியாது.

ஜப்பானின் தென்கோடியிலே சகுராஜிமா என்ற எரிமலையடிவாரத்தில், குடம்போல் உருண்டு பத்துக் கிலோவுக்கு மேலும் நிறுக்கும் முள்ளங்கி விளைகிறது. அது ஒன்றரை மாதப் பயிரல்ல. கோடை முடிவில் விதைத்துப் பல மாதம் வளர்த்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். அத்தனை மாதமும் உரம் உண்ண அதற்கு வாய் இருக்கிறது. ஐசிக்கிளுக்கு அந்த வாய் இல்லை. முப்பது நாளில் ஆயுள் முடியும் ரகத்துக்கு அறுபது நாள் ரகத்தின் உரத்தைக் கொட்டினால், மிகுதி மண்ணில் தங்கி அடுத்த பயிருக்குக் கொஞ்சம் உதவலாம். நீரோடு கீழே இறங்கிக் கிணற்றைச் சேரவும் கூடும்.

இனி உரத்தின் அளவுக்கு வரலாம். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு முள்ளங்கிப் பயிருக்குச் சொல்லப்படும் பொதுவான அளவு, ஏக்கர்க் கணக்கில், நன்றாக மட்கிய தொழு உரம் பத்து டன், தழைச்சத்து சுமார் 20 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல் சத்து 20 கிலோ. இந்த எண்களைக் கேட்கும்போது பலருக்குத் திகைப்பு ஏற்படுகிறது. ஏனென்றால் சத்தின் எடை வேறு, மூட்டையின் எடை வேறு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே தழைச்சத்து. சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு மணிச்சத்து. மியூரேட் ஆப் பொட்டாஷில் நூற்றுக்கு 60 பங்கு சாம்பல் சத்து. இந்த மூன்று எண்களையும் சங்கக் கிடங்கின் சுவரில் எழுதி வைத்தால் பல மனஸ்தாபங்கள் குறையும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். யூரியா மூட்டை 2018-ம் வருஷத்தில் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. ஒரு மூட்டையில் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதாவது ஓர் ஏக்கர் முள்ளங்கிக்கு ஒரே ஒரு மூட்டை யூரியா போதும். அதிலும் பாதி விதைப்பின்போது, மீதிப் பாதி மூன்றாம் நான்காம் வாரத்துக்குள் களையெடுத்து மண் அணைக்கும்போது. மணிச்சத்து 40 கிலோவுக்கு சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையாக ஐந்து மூட்டை வேண்டும். பொட்டாஷ் 33 கிலோ. மூட்டை எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஐந்து என்று இருக்க, நடைமுறையில் பல தோட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

அதற்குக் காரணம் குடியானவருடைய அறியாமை மாத்திரமல்ல. விலையே அப்படி அமைந்திருக்கிறது. 2010-ம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் மானிய முறையை மாற்றியபோது யூரியாவை அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விட்டுவிட்டது. மற்ற உரங்களின் விலை ஏறிற்று. யூரியா மலிவாகவே நின்றது. மலிவான உரம் வயலில் அதிகமாக விழுவது இயற்கை. மேலும், அதன் பலன் மூன்றாம் நாளே பச்சையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சூப்பர் பாஸ்பேட்டின் பலன் மண்ணுக்குள் வேரிலே நடக்கிறது. பிடுங்கும் வரையில் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் உரத்தைக் குடியானவர் நம்புவதில் ஆச்சரியம் இல்லை.

தழைச்சத்தை இரண்டு மடங்கு மூன்று மடங்காகப் போட்டால் கிழங்கு பிந்துவதோடு தொல்லை நிற்பதில்லை. தழை மென்மையாகி அசுவினிப் பூச்சி சேருகிறது. வேர் ஒரேயடியாகப் பருக்கும்போது உட்பாகத்துக்குச் சத்து எட்டாமல் பஞ்சு பாய்கிறது. வெயில் மிகுந்தாலும், பிடுங்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டாலும் இது இன்னும் அதிகமாகிறது. முள்ளங்கி, மண்ணில் மிகுந்துள்ள நைட்ரேட்டைத் தன் இலையிலும் வேரிலும் அப்படியே சேர்த்து வைக்கும் சுபாவமுள்ளது. உண்பவருக்கு அது நல்லதல்ல. முள்ளங்கிக் கீரையைக் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடும் வீடுகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அதற்காகத் தழைச்சத்தே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் பிசகு. செம்மண் மணற்பாங்கான நிலத்தில், எருவும் இல்லாமல் உரமும் இல்லாமல் போட்ட முள்ளங்கியின் இலை வெளுத்துச் சிறுத்து, கிழங்கு காரமாகிக் கட்டையாகிறது. ஆயுள் குறுகிய பயிர் தடையின்றி வேகமாக வளர்ந்தால்தான் மென்மையாக இருக்கும். பசி கண்ட முள்ளங்கிக்கு ருசி இல்லை.

இங்கே கந்தகத்தைப் பற்றிச் சொல்வது அவசியம். முள்ளங்கியின் காரமும் மணமும் கந்தகம் சேர்ந்த பொருள்களால் உண்டாவது. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகிய இந்தக் குடும்பம் முழுவதுமே மற்றப் பயிர்களைவிடக் கந்தகத்தை அதிகமாக உண்ணும். முன்காலத்தில் இதைத் தனியாக நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ராணிப்பேட்டையில் 1906-ம் வருஷத்தில் தொடங்கிய தொழிற்சாலை செய்ததும், ஆலுவாய்த் தொழிற்சாலை 1947-ல் செய்யத் தொடங்கியதும், முறையே சூப்பர் பாஸ்பேட்டும் அமோனியம் சல்பேட்டும். முன்னதில் நூற்றுக்குப் பதினொரு பங்கும், பின்னதில் இருபத்து நான்கு பங்கும் கந்தகம் இருக்கிறது. குடியானவர் மணிச்சத்தையும் தழைச்சத்தையும் வாங்கினார். கந்தகம் இனாமாக வந்தது. இப்போது அமோனியம் சல்பேட்டின் இடத்தில் யூரியாவும், சூப்பர் பாஸ்பேட்டின் இடத்தில் டி.ஏ.பி.யும் வந்திருக்கின்றன. இவ்விரண்டிலும் கந்தகம் அறவே இல்லை.

டி.ஏ.பி. மட்டமான உரம் என்று இதற்கு அர்த்தமல்ல. அதில் நூற்றுக்கு 18 பங்கு தழைச்சத்தும் 46 பங்கு மணிச்சத்தும் இருக்கின்றன. 87 கிலோவிலேயே ஏக்கருக்கு வேண்டிய 40 கிலோ மணிச்சத்தும், கூடவே சுமார் 16 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும், சுமைகூலி மிச்சம். ஆனால் அவ்வாறு போட்டவர் யூரியாவை ஒன்பது பத்துக் கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டி.ஏ.பி. போட்ட பிறகும் வழக்கப்படி ஒரு மூட்டை யூரியாவைத் தூவுவதால்தான் முழங்கால் உயர இலை வருகிறது. கந்தகக் குறைவுக்கு, தழைச்சத்தின் ஒரு பாகத்தையாவது அமோனியம் சல்பேட்டாகக் கொடுப்பது ஒரு வழி; ஐந்து மூட்டை சூப்பர் பாஸ்பேட்டையே போட்டு அதிலுள்ள சுமார் 27 கிலோ கந்தகத்தைப் பெறுவது மற்றொரு வழி. முள்ளங்கிக்குப் பின்னதே சிறந்தது என்று சொல்லலாம். சங்கங்கள் வருஷ ஆரம்பத்தில் உரத்துக்கு ஆர்டர் எழுதும்போது, காய்கறி போடும் அங்கத்தினர்களுக்கென்று சூப்பர் பாஸ்பேட்டையும் கேட்டு எழுதினால் இந்தக் குறை தீரும். அங்கத்தினர்கள் கேட்காததைக் கிடங்கில் யாரும் வாங்கி வைப்பதில்லை.

தொழு உரத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, பத்து டன் தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு வீதம் 50 கிலோ தழைச்சத்து அடங்கியிருக்கிறது. அது முழுவதும் ஒன்றரை மாதத்துக்குள் பயிருக்குக் கிடைக்காது. ஒரு பாகமே கிடைக்கும். ஆயினும் வருஷந்தோறும் எரு இட்டு வளப்படுத்திய கொல்லையில் யூரியாவைக் குறைக்க இது நல்ல காரணம். மண் பரிசோதனைச் சீட்டு உள்ளவர்கள் அதைப் பார்த்துக் குறைக்கலாம். 2015 முதல் மண் வள அட்டை கொடுக்கப்பட்டு வருகிறது. பல வீடுகளில் அது ரேஷன் கார்டோடு சேர்ந்து பெட்டியில் தூங்குகிறது. இரண்டாவது, எரு மட்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணத்தையும் மட்காத குப்பையையும் விதைப்புக்கு முன் கொட்டினால், இறங்கும் வேரின் நுனி அதில் பட்டுக் கெட்டு, முள்ளங்கி இரண்டு மூன்று காலாகக் கவைத்துவிடும். மனிதக் கால்போல் விளைந்த முள்ளங்கியைச் சந்தையில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறார்கள்; விலை கேட்பவர் இல்லை. எருவை முந்தின பயிருக்கு இடுவதும், அல்லது சில வாரம் முன்னதாகவே இட்டு உழுதுவிடுவதும் நலம். கல்லும் கட்டியும் உள்ள நிலத்தில் ஓர் அடி நீளம் இறங்கும் ஜப்பானிய வெள்ளையைப் போடுவதும் இதே பலனைத் தரும். அத்தகைய நிலத்துக்குக் குட்டையான ரகமே பொருத்தம். இல்லையேல் வரப்புப் போல் பார் உயர்த்தி அதன்மேல் விதைக்க வேண்டும்.

செடிகளின் இடைவெளியையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் நாலு கிலோ விதை விழுகிறது. ஒரு கிராமில் ஏறக்குறைய நூறு விதை. ஆகவே நாலு லட்சம் விதை. பாருக்குப் பார் 30 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டால் ஏக்கரில் நிற்கக்கூடியவை 1,35,000 செடிகளே. கிழங்கு ஒன்றுக்கு 75 கிராம் வைத்தாலும் பத்து டன் ஆகிறது. மிகுதியை முளைத்த பத்துப் பன்னிரண்டு நாளில் கலைத்துவிட வேண்டும். கலைத்த கன்றுகள் கீரையாகும். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவிட்டால், போட்ட உரத்தை மூன்று செடிகள் பங்கிட்டுக்கொண்டு ஒன்றும் பருக்காது. உரம் பொய்த்தது என்று பலர் குறை கூறும் தோட்டங்களில், பொய்த்தது கலைப்பு வேலையே.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு கிராமத்து மண்ணில் எந்த ரகத்துக்கு எந்த அளவு சரி என்பதை அந்தக் கிராமத்து மண்ணைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் முறை கஷ்டமானதல்ல. இங்கிலாந்திலே ராத்தம்ஸ்டெட் என்னும் இடத்தில் உள்ள பழைய விவசாய ஆராய்ச்சிசாலைக்கு 1919-ல் வந்து சேர்ந்த பிஷர் என்னும் கணித சாஸ்திரி, பல கேள்விகளை நிலத்தினிடம் ஒருமிக்கக் கேட்கலாம் என்று காட்டினார். விதையை ஒரு வருஷமும் உரத்தை மறு வருஷமும் சோதிப்பதைவிட, இரண்டையும் ஒரே பருவத்தில் கலந்து சோதித்தால்தான், எந்த விதைக்கு எந்த உரம் ஒத்துக்கொள்கிறது என்பது தெரியும். இன்று உலகெங்கும் பயிர்ச் சோதனைகள் பெரும்பாலும் இந்த முறையைப் பின்பற்றியே நடக்கின்றன.

ஒரு சங்கம் இதை நாலரை சென்ட் நிலத்தில் செய்துவிடலாம். ஊரில் வழங்கும் இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று குறுகிய நாள் ரகம், மற்றொன்று நீண்ட நாள் ரகம். ஒவ்வொன்றுக்கும் தழைச்சத்து மூன்று அளவு: ஒன்றும் இல்லாமை, ஏக்கருக்கு 20 கிலோ, 40 கிலோ. இப்படி ஆறு பாத்திகள். ஆறையும் மூன்று தடவை திருப்பிப் போட்டால் பதினெட்டுப் பாத்திகள். பாத்தி ஒன்று ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். 20 கிலோ அளவுக்குப் பாத்திக்கு 107 கிராம் யூரியா. 40 கிலோ அளவுக்கு 215 கிராம். இதிலும் பாதி முதலிலும் பாதி மண் அணைக்கும்போதும். சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ், தொழு உரம் ஆகியவை எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு. எந்தப் பாத்தியில் எது என்பதை ஒவ்வொரு தடவைக்கும் தனியே சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பிலுள்ள நல்ல பாத்தியைத் தமக்குப் பிடித்த ரகத்துக்கு ஒதுக்கும் ஆசை மனிதர்களுக்கு இயற்கை. சீட்டு அந்த ஆசையை அடக்கும்.

பிடுங்கும் நாளில் கிழங்கையும் தழையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். இதுவே முக்கியம். இரண்டையும் சேர்த்து நிறுத்தால் இலைப் பெருக்கம் மகசூல்போல் தோன்றி ஏமாற்றிவிடும். கவைத்தவை, பஞ்சு பாய்ந்தவை, வெடித்தவை ஆகியவற்றைக் கழித்து, விலைபோகும் கிழங்கை மாத்திரம் தனியாக நிறுப்பதும் அவசியம். பஞ்சு பாய்ந்ததா என்று அறியப் பாத்திக்குப் பத்துக் கிழங்கை நடுவே வெட்டிப் பார்த்தால் போதும். பாத்தியின் எடையை 405-ஆல் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு கிடைக்கும். குறுகிய நாள் ரகத்தில் 20-லிருந்து 40-க்குப் போனபோது கிழங்கு ஏறாமல் தழை மாத்திரம் ஏறியிருந்தால், இரண்டாவது மூட்டை யூரியா அந்த ரகத்துக்கு வீண் என்று அந்த ஊர் மண்ணே சொல்லிவிட்டது. நீண்ட நாள் ரகத்தில் கிழங்கும் ஏறியிருந்தால், அதிகமாகக் கிடைத்த கிழங்கின் விலை, அதிகப்படி உரத்தின் விலையையும் கூலியையும் தாண்டுகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பருவத்துச் சோதனையை முடிந்த முடிவாகக் கொள்வது நல்லதல்ல. மழை மாறும், வெயில் மாறும். இரண்டு மூன்று பருவம் திருப்பிச் செய்தால் நம்பலாம்.

இதெல்லாம் சர்க்கார் பண்ணை செய்ய வேண்டிய வேலை, சங்கத்துக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி திருவள்ளூரை அடுத்த திரூரில் முதல் விவசாய ஐக்கிய நாணய சங்கம் தோன்றிய காலத்தில், கிராம சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு இருந்தது. ஓர் அங்கத்தினர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர்களுடைய சொத்தும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒருவர் வயலில் என்ன விதைக்கிறார், என்ன உரம் போடுகிறார் என்று மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கடும் பொறுப்பு பிற்காலத்தில் போய்விட்டது. எட்டிப் பார்க்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது. பயிர்க்கடனில் ஒரு பாகம் இன்றும் உரமாகவே கொடுக்கப்படுகிறது. முள்ளங்கியோ இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாடாமல் நிற்காத சரக்கு. விலை இறங்கினால் வைத்திருந்து விற்க முடியாது. அத்தகைய சரக்கில் செலவைக் குறைப்பது ஒன்றே குடியானவர் கையில் முழுவதும் உள்ளது. நாலரை சென்ட் நிலமும் ஒரு தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் அதற்கு அதிகச் செலவல்ல.

கடைசியாக விதை சேகரிப்பைப் பற்றி. ஐரோப்பிய வகைகள் சமவெளியில் விதை கட்டுவதில்லை. அவற்றுக்குக் குளிர் வேண்டும். ஆசிய வகைகள் கட்டும். சோதனையில் தேறிய ரகத்தில் நேராகவும், வழுவழுப்பாகவும், பஞ்சு பாயாமலும் உள்ள கிழங்குகளைப் பொறுக்கி, நுனியையும் தழையின் மேற்பாகத்தையும் நறுக்கிவிட்டு, உடனே வேறோர் இடத்தில் நட்டால் அவை பூத்து விதை தரும். முந்திப் பூத்த செடியின் விதையை எடுக்கக் கூடாது. அதன் சந்ததியும் முந்திப் பூக்கும். முள்ளங்கிப் பூவைத் தேனீக்கள் கலக்கின்றன. ஆகையால் சான்று விதைக்கு, வேறு ரகம் பூக்கும் தோட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு குடியானவர் தனியாக இந்தத் தூரத்தைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் வேறு ரகத்தைப் பூக்கவிட்டால் அவருடைய உழைப்பு வீண். விதைக்கு விடும் பருவத்தில் ஊர் முழுவதும் ஒரே ரகத்தையே பூக்கவிடுவது என்று சங்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எழுதி, அடுத்த கிராமத்துச் சங்கத்துக்கும் அதன் நகலை அனுப்பிவிட்டால் இந்தத் தடை நீங்குகிறது. விதைக்கு நடும் நாளுக்கு ஒரு மாதம் முந்தியே அந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்க வேண்டும்.